சாவியைக் களைந்த வண்டி

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் எதையும் மாற்றக் கூடாது; மாற்றுவதானால் முன் அனுமதி வேண்டும். என் பழைய அம்பாசடரின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேஸி எண், நிறம், எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் இருந்தன. சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே சாவிக்குப் பதிலாகப் பட்டன் வைத்துக்கொண்டவனுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரே ஒருவர் எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்திருந்தால் நான் இதை எழுத நேர்ந்திருக்காது.

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, மலையாள தேசத்தில், ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் மனைவியோடு இருந்தேன். மூட்டுவாதம் இரண்டு கை விரல்களையும் மடக்கிப் போட்டது. ஸ்டியரிங்கை உள்ளங்கையால் திருப்பலாம், கியரை முஷ்டியால் தள்ளலாம். ஒரு சின்னச் சாவியைப் பிடித்துத் திருகுவது மட்டும் முடியவில்லை.

அடுத்த வீட்டில் இருந்த என் மைத்துனன், மனைவியின் தம்பி, இதற்காகவே காத்திருந்தவன் போல வந்தான்.

"அத்திம்பேரே, வண்டியைக் குடுத்துடுங்கோ. பொன்முடியில ஒரு எஸ்டேட் சூப்பர்வைசர் கேட்டுண்டிருக்கான். எங்கே போணும்னாலும் நான் கொண்டு விடறேனே."

அவன் கொண்டுபோய் விடும் விதம் எனக்குத் தெரியும். கண் டாக்டரிடம் போக ஒருமுறை அவன் காரில் ஏறினேன். வழியில் அவனுடைய சம்பந்தியை ஏற்றினான், சம்பந்தியின் அரிசி மூட்டையை ஏற்றினான், இரண்டையும் இறக்கினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிவிட்டார். என் வண்டி போனால் மிச்ச வாழ்நாளை அந்தக் காரின் பின்சீட்டில் கழிக்க வேண்டும். பட்டன் வைப்பதென்று அன்றே முடிவு செய்தேன்.

சாவி என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. துவாரத்துக்குப் பின்னால் பாட்டரியிலிருந்து ஒரு கம்பி வருகிறது. எஞ்சினின் காயிலுக்கு ஒன்றும் ஸ்டார்ட்டருக்கு ஒன்றும் போகின்றன. முதல் கம்பியை மற்ற இரண்டோடு சேர்ப்பதுதான் சாவியின் வேலை. பழவங்காடியில் ஒரு கடையில் ரிலே, சுவிட்ச், அகலமான ஹார்ன் பட்டன் வாங்கினேன். பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். கம்பிகளை முறுக்கியவள் என் மனைவி. வருடக்கணக்காக முறுக்கு சுற்றிய கை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

"ஏன்னா, கள்ளன் வந்தா அவனும் இதை அழுத்துவனே?"

"அழுத்தட்டும். சீட்டுக்கு அடியில இன்னொரு சுவிட்ச் இருக்குன்னு நீ அவன்கிட்டச் சொல்லாத வரைக்கும் வண்டி அனங்காது, நின்ன இடத்திலயே நிக்கும்."

மைத்துனன் மதிலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். "லிஃப்ட் மாதிரின்னா இருக்கு. எத்தனாவது மாடிக்குப் போறேள், அத்திம்பேரே?"

முஷ்டியால் பட்டனை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. அவன் முகத்தைப் பார்ப்பதற்காகவே நிறுத்திவிட்டு இன்னொரு முறை அழுத்தினேன்.

வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியப் போவதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் உள்ளே குனிந்து சாவியைத் தேடினார்.

"சாறே, இதின்றெ தாக்கோல் எவிடெ?"

"தாக்கோல் வேண்டா. பட்டன்."

"தாக்கோல் வேண்டாத்தது கள்ளன்மார்க்கல்லே? பெர்மிஷன் எழுதி வாங்கிக்கொண்டு வரூ, பின்னே நோக்காம்."

ஐம்பத்திரண்டாம் பிரிவைச் சொன்னேன். அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மைத்துனனிடம் யோசனை தயாராக இருந்தது. "பழைய சாவியை மறுபடி மாட்டிக் காமிச்சுட்டு வாங்கோ. சீல் விழுந்ததும் பட்டனை வச்சுக்கறது. ஆர் கேக்கப் போறா?"

இப்படிக் காட்டிவிட்டு அப்படி வைத்துக்கொண்டவர்களின் கணக்குகளைத் தோண்டி எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். முடியாது என்றேன்.

அலுவலக வாசலில், மனுக்களுக்கு முப்பது நாளில் பதில் என்று பலகை மாட்டியிருந்தது. அதை நம்பி வீட்டில் மனைவி, மைத்துனன் இருவர் முன்னாலும் சொன்னேன்: சித்திரை விஷுவுக்குள் பதில் வராவிட்டால் வண்டியை அந்த சூப்பர்வைசருக்கே கொடுத்துவிடுகிறேன். விஷுவுக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது.

மனு மலையாளத்தில்தான் வேண்டும் என்றார் குமாஸ்தா. உத்தியோகக் காலம் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதியவன் நான். இருந்தாலும் இந்த ஊரில் பிறந்தவனுக்கு மலையாளம் தெரியாதா? தாக்கோல் களஞ்ஞு, பட்டன் வைத்திருக்கிறேன், அனுமதி தரவும் என்று எழுதிக் கொடுத்தேன். களைவது என்றால் தமிழில் நீக்குவது. வயலில் களையெடுப்பதைப் போல, வேண்டாததை அகற்றுவது.

முப்பது நாள் போனது. இன்னொரு முப்பதும் போனது. நேரில் போனேன். குமாஸ்தா கட்டிலிருந்து என் மனுவை உருவினார்.

"சாறின்றெ தாக்கோல் களஞ்ஞு போயில்லே? போலீஸ் ஸ்டேஷன் சர்டிஃபிக்கட் வேணும்."

மலையாளத்தில் தாக்கோல் களஞ்ஞு என்றால் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று பொருள். நான் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இதோ இருக்கு. தொலையலை."

அவர் அதைத் தொடாமல் பார்த்தார். "இது டூப்ளிகேட்டல்லே?"

"இல்லை, ஒரிஜினல்."

"ஒரிஜினல் களஞ்ஞு என்னு சாறு தன்னே எழுதியிட்டுண்டல்லோ. ஒப்புமுண்டு."

கையெழுத்து என்னுடையதுதான். அந்த வார்த்தை எங்கள் அக்கிரகாரத்து வீடுகளில் நீக்குவதையும் குறிக்கும், தொலைப்பதையும் குறிக்கும். எதைக் குறிக்கிறது என்பது வாக்கியத்தைப் பார்த்தால் தெரியும். வாக்கியத்தை முழுதும் படிக்காத ஒருவருக்காக நான் இரண்டு மொழிகளிலும் தேர்வு எழுத முடியாது. வீட்டுக்கு வந்து, சட்டப் பிரிவோடு ஆங்கிலத்தில் புது மனு எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன்ல போய்க் காணாமப் போயிடுத்துன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாத்தான் என்ன?" என்றாள் மனைவி.

"கையில வச்சுண்டா?"

"மேசையில வச்சுட்டுப் போங்கோ."

நான் போகவில்லை. விஷுவன்று சத்யை விருந்து முடிந்ததும் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு மைத்துனன் வந்தான். வார்த்தையைக் காப்பாற்றச் சொல்லி அவன் கேட்கவில்லை. வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், அதுவே போதும். சாவியைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, என் மனைவி முறுக்கியதையெல்லாம் பிரித்து, பழையபடி கம்பிகளைச் சேர்த்தார். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பிவிட்டது. ஹார்ன் பட்டனை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

"அம்பலத்துக்குத் தொழப் போணும்னா சொல்லுங்கோ, அத்திம்பேரே. கார் ஒழிவா இருந்தாக் கொண்டு விடறேன்" என்றான் மைத்துனன்.

தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்தார். கோரிய அனுமதி வழங்கப்பட்டுள்ளது. மனுதாரர் ஏழு நாட்களுக்குள் மேற்படி வாகனத்துடன் ஆய்வாளர் முன் ஆஜராக வேண்டும். அன்று மேடம் இரண்டாம் தேதி, விஷுவுக்கு மறுநாள்.