துடுப்பை விட்டுக் கும்பிட்டேன்

சத்தியமங்கலம் பக்கத்து ஏரியில் பறவை பார்க்க, நானும் மனைவியும் ஆளுக்கொரு கயாக்கில் போனோம். எனக்கு நீச்சல்தான் தெரியாது, தைரியத்துக்குக் குறைவில்லை. தொப்பையை இறுக்கியதால் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றிவிட்டிருந்தேன்.

திடீரென்று படகருகே ஒரு பாம்பு தண்ணீரிலிருந்து தலை தூக்கியது. துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று கும்பிட்டேன்.

"சாமி, போயிருங்க!"

படகு கவிழ்ந்தது. ஜாக்கெட் கழன்று மிதந்தது; நான் மூழ்கினேன். மனைவி நீட்டிய துடுப்பைப் பிடித்துத்தான் பிழைத்தேன்.

"ஏனுங்க, அது பாம்புத்தாராங்க! கழுத்த மட்டும் வெளிய நீட்டி நீந்தற பறவை. நீங்க கும்பிட்டதப் பாத்து அதுதான் பயந்து பறந்துபோச்சு!" என்றாள்.

இப்போதெல்லாம் கொக்கிகளை மாட்டிய பிறகே படகில் ஏறுகிறேன். நிஜப் பாம்பே வந்தாலும் உட்கார்ந்தபடிதான் கும்பிடுவேன்.