கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

ரேஸில் கோப்பை கோப்பையாக ஜெயித்த குதிரை அது. முன்னங்கால் நரம்பு வீங்கி, இனி ஓடாது என்று பெங்களூரில் கழித்துவிட்டபோது, என் கணவர் போய் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தொப்பம்பட்டி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் அதற்குக் கொட்டகை எழும்பியது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்போது பூச்சுகூடக் கிடையாது.

குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறவர்கள் தங்கள் பெண்குதிரைகளைக் கொண்டுவருவார்கள், இதன் ரத்தம் ஜில்லா முழுக்க ஓடும் என்பது அவர் கனவு. அதன் அப்பன், பாட்டன், பூட்டன் என்று வரிசையாக ஒப்பிப்பார். தன் கொள்ளுத்தாத்தா பேரைக் கேட்டால் முழிப்பார்.

முதலில் வந்தவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். குதிரையைச் சுற்றி வந்து முகத்தைத் தடவினார். இடது கண்ணுக்குக் கீழே கை நின்றது. அங்கே மயிர் சுழித்திருந்தது.

"குதிரை ராசாவாட்டம் இருக்குதுங்க. ஆனா கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா அந்த வீட்ல அழுகை ஓயாதுங்க" என்றவர், தன் பெண்குதிரையை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பிப் போனார். ரேஸ் மைதானத்தில் ஓட்டத்தைப் பார்த்தார்கள், இவர்கள் மயிரைப் பார்க்கிறார்கள் என்று கணவர் சிரித்தார்.

செய்தி பரவியது. பிறகு ஒருவரும் வரவில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே குதிரை காதை நிமிர்த்தும். எனக்குப் பாவமாக இருக்கும். அவர் சிரிப்பதும் நின்றுபோயிற்று. கடைசியில் வீம்புக்கு ஒரு நாட்டுப் பெண்குதிரையை வாங்கி வந்தார். அது சினையானது.

"இதோட குட்டி ஒண்ணு ஓடிக் காட்டட்டும். அப்பறம் பாரு, வரிசைகட்டி வருவாங்க" என்றார்.

ஒரு விடியற்காலையில் குட்டி பிறந்தது. நான் ஓடியபோது அவர் அதன் பக்கத்தில் முட்டிபோட்டு இருந்தார். மூக்கைத் துடைத்துவிடவில்லை, மூச்சு வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் அந்த ஈர முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மொதல்ல தொடைங்க" என்று நான்தான் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"சுழி இல்ல. தப்பிச்சோம்" என்றார்.

இத்தனை நாளும் அவரும் அதை நம்பியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே யாரோ வந்து ஆண்குதிரையை ஏற்றிப் போனார்கள். எங்கே என்று அவர் சொல்லவில்லை. சில மாதம் கழித்து, குட்டியைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள். கேட்டைத் திறக்கப் போனவர், என்னிடம் குரலைத் தணித்துச் சொன்னார்.

"அப்பன் எதுன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரு."