எருமைக்குப் பிடித்துப்போன மீன்காரம்மா

எங்கள் எருமை அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் பால் கொடுக்காது. கன்று செத்ததிலிருந்து அப்படித்தான். அம்மா பக்கத்தில் குந்தி, மடியில் தண்ணீர் தெளித்துத் தடவினால் பால் இறங்கும். வேறு கை பட்டால் உதைதான். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "என் எரும" என்பாளே தவிர "நம்ம எரும" என்று சொல்லமாட்டாள்.

இப்போது இரும்புக் கடைகளாக இருக்கிற சாத்தாங்காட்டில் அப்போது எங்களுக்குக் கீரைத் தோட்டம் இருந்தது. முளைக்கீரை, அரைக்கீரை, வரப்போரம் கொஞ்சம் கத்தரி. அப்பா விடிவதற்குள் கட்டு கட்டித் தலைச்சுமையாக வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுபோவார். அன்றைக்கு விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானது. துறைமுகத்துப் பக்கம்தான் முதலில் விழும் என்று பேச்சு. பேசின் பிரிட்ஜில் ஜனங்கள் ரயில் ஜன்னல் வழியாக ஏறுகிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். விற்காத கீரை தலையிலேயே வாடிக் கிடந்தது. எங்கள் தெருவிலும் பாய், பானை, கோழிக்கூடை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு செங்குன்றம் பக்கமாகப் போனார்கள். என் தம்பி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது, தாய்ப்பால் வற்றிவிட்டது.

பெரியப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஏறுடா. குண்டு வுந்தா உன் கீரைய வெச்சிகினு இன்னா பண்ணுவே?"

"அவள இந்த வண்டில போட்டு குலுக்குனா பாதி வழிலயே பூடுவாண்ணே. நீ போ. நாங்க இங்கயே கீறோம்."

"ரோசத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைத் தட்டினார்.

கொட்டிலில் எருமை நிற்கிறது, மடி நிறையப் பால் கனக்கிறது, தம்பி வாயில் ஊற்றத்தான் வழியில்லை. அப்பா கறக்கப்போய் உதை வாங்கினார். கடைசியில் எங்கள் பக்கத்தில் செய்கிற ஒன்றைச் செய்துபார்த்தார். கறக்கிறவள் படுத்துவிட்டால் அவள் புடவையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், வாடையை நம்பி மாடு பால் விடும் என்பார்கள். அப்பா அம்மாவின் பழம்புடவையைச் சுற்றி, முந்தானையால் மீசையை மறைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து போனார். எருமை புடவையை முகர்ந்தது. சும்மா நின்றது. அப்பா குந்தினார். அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பீடிக்காரர் இருமல், தெருக்கோடிக்குக் கேட்கும். செம்பு ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம், அப்பா சாணத்தின்மேல்.

கதவோரம் படுத்திருந்த அம்மா அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். "பொடவ கட்டுனா ஆச்சாய்யா? இருமல வூட்ல கயட்டி வெச்சிட்டு போவணும்," என்றாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துத் தம்பி வாயில் வைத்தது மூத்த பெண்ணான நான்தான். பாதி வழிந்துவிடும். மறுநாள் காலையில் அவன் அழுவதை நிறுத்திவிட்டான். அவன் கத்தியபோதெல்லாம் எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. அப்பா கொட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அன்று மதியம்தான் அவள் வந்தாள். கடைசி வண்டிகள் மேற்கே போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் கடல் பக்கமிருந்து, தலையில் கூடையோடு, வண்டிகளுக்கு எதிராக வந்தாள். கறுத்த, கெட்டியான உடம்பு. ஆள் வருவதற்கு முன்னால் மீன் வாடை வந்தது. யாரையும் கேட்காமல் எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள்.

"கொழந்த அழற சத்தம் நின்னு பூட்ச்சே. அதான் இன்னான்னு பாக்க வந்தேன்," என்றாள்.

கடல் எங்களுக்கு நடந்து போகிற தூரம்தான், ஆனால் குழந்தை அழுகை கேட்கிற தூரம் இல்லை. அந்த நேரத்தில் அதை யார் யோசித்தார்கள்? அவள் தம்பியை ஒரு தடவை பார்த்தாள், செம்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

"வாணாம்மா. மீன் வாடைக்கு அது மெரளும்," என்றார் அப்பா.

"மெரண்டா நானும் மெரள்றேன். நீ தள்ளு நைனா."

இதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் புடவை எதையும் சுற்றிக்கொள்ளவில்லை. குந்தி, எருமையின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியில் பொம்பளைகள் குறை சொல்வதுபோல் ஏதோ முணுமுணுத்தாள். எருமை காதை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அவள் மடியில் கை வைப்பதற்கு முன்னாலேயே பால் சொட்ட ஆரம்பித்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தம்பியை மடியில் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அவன் முதலில் விழுங்கவே இல்லை. பிறகு தொண்டை அசைந்தது. சாயங்காலம் அவன் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அப்பா தெருவில் போய் நின்றுகொண்டார், கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லாவிட்டாலும்.

அம்மா எழுந்து நடக்கும்வரை அவள் எங்களோடு இருந்தாள். பேர் கேட்டால் சிரிப்பாள். விற்காமல் வாடிய கீரையைக் கூடையில் அள்ளிக்கொண்டு போவாள், மீனோடு வருவாள். காலியான பட்டணத்தில் யாரிடம் கொடுத்தாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. அபாயச் சங்கு ஊதினால் நாங்கள் தோட்டத்தில் வெட்டிய பதுங்கு குழிக்குள் இறங்குவோம். அவள் தம்பியோடு எருமைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "இது அச போட்டுகினு கீது பாரு. இது நிறுத்துனா சொல்லு, நானும் குழில எறங்கறேன்," என்பாள். எருமை ஒருநாளும் நிறுத்தவில்லை.

அம்மா கொட்டிலுக்குப் போய்க் கறந்த முதல் நாள், "எக்கா, நீ கறக்கற மேரி வரல," என்று பொறாமையோடு சொன்னாள். "வரும் கண்ணு. உன் எரும தானே," என்றாள் மீன்காரம்மா. நாங்கள் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் கூடையும் இல்லை, அவளும் இல்லை.

குண்டு விழவில்லை. போனவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்த வருஷம் எருமை கன்று போட்டது. சீம்பால் காய்ச்சினால் முதல் பங்கு எப்போதும் பெரியப்பா வீட்டுக்குத்தான் போகும், மூத்தவர் என்று. அந்தத் தடவை அம்மா அதைத் தூக்குவாளியில் ஊற்றி மூடிவிட்டாள்.

"மீன்காரிக்கா மொத பங்கு?" என்று பெரியப்பா குதித்தார்.

"நீ வண்டி ஏறிப் போனேண்ணே. அவ எதிர்க்க வந்தா," என்றார் அப்பா. அண்ணன் முன்னால் அவர் உட்கார்ந்துகொண்டே பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா திருவொற்றியூர்க் குப்பத்துக்கு நடந்தாள். தூக்கு என் கையில். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் எங்கள் ஊரையும் அவள் அடையாளத்தையும் சொன்னாள். ஒரு பெண் சட்டென்று எழுந்தாள்.

"அந்த கீரக்காரம்மாவா? குண்டு பயத்துல எல்லாம் ஓடறப்ப கீர எடுத்துகினு வந்துச்சே! எங்க மாமியா வாயே தொறக்காம கெடந்துது. அது கையால கீர கடைஞ்சி ஊட்டித்தான் பொழச்சிது. அது உங்க ஊரு ஆளாச்சே!"

"எங்க ஊரா? அவ மீன்காரிமே! கிட்ட வந்தாலே மீன் வாடை."

"மீன் வாடையா? அது மேல சாணி வாடையும் கீர வாடையுந்தான் வரும். இன்னாமே, எங்களுக்கு மீன் வாடை தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா விடவில்லை. அவள் எங்கள் வீட்டில் தங்கினாள் என்றாள். இங்கேயும்தான் தங்கினாள் என்றார்கள் அவர்கள். எப்போது என்று கேட்டால் இரண்டும் ஒரே நாட்கள். அந்த மாமியாரை வெளியே அழைத்துவந்து காட்டினார்கள். பதிலுக்கு அம்மா தம்பியை உயர்த்திக் காட்டினாள். கொழுகொழு என்று இருந்தான், வலையைப் பிடித்து இழுத்தான்.

சீம்பாலை அங்கேயே கரண்டி கரண்டியாகப் பகிர்ந்துகொடுத்தாள். முதல் கரண்டி அந்த மாமியாருக்கு.

திரும்பி வரும்போது அம்மா தலையை நிமிர்த்தி நடந்தாள். எங்கள் வரப்பு வந்ததும் நின்றாள்.

"கடலோரத்து ஜனமே சொல்லுது, அவ நம்ம ஊருக்காரின்னு," என்றாள். "நானும் சரின்னு ஒத்துகினு வந்துட்டேன். உன் பெரியப்பன்கிட்ட நீயே போய் சொல்லு."

நான் பெரியப்பா முன்னால் வாயே திறக்காத பெண். அன்றைக்குப் போய்ச் சொன்னேன்.