சந்திரம்மாவின் உள்ளங்கை

மர்பி டவுனில் எங்கள் சந்துக்குச் சந்திரம்மா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. குடியாத்தம் என்பார்கள், கோலார் என்பார்கள், புருஷனை விட்டு ஓடிவந்தவர் என்றும் சொல்வார்கள். நேரில் கேட்டால், "வந்து சேந்த ஊரு இது. பத்தாதா?" என்பார். பகலெல்லாம் பலகைமேல் ஊதுபத்தி உருட்டுவார். கரித்தூளும் பிசினும் ஏறி இரண்டு உள்ளங்கையும் தார் பூசியதுபோல் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், அவர்மேல் கங்கம்மா இறங்குவாள்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. பெயர்தான் ஆதிகேசவன், எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று தலைமுறையாகப் புத்தர் ஒருவர்தான். போதாக்குறைக்கு, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையில் வேலை. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு உச்சந்தலை வரை எரியும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்பவர் கற்பூரத்தை ஏற்றி நீட்டவேண்டும். சந்திரம்மா அதை உள்ளங்கையில் வாங்கி, அது எரியும்போதே பதில் சொல்வார். எரிந்து முடியுமுன் உதறிவிட்டால் அந்த வாக்கு செல்லாது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. "காய்ச்சுப்போன கை, எப்படிச் சுடும்?" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் காதுக்கும் போயிருக்கும். ஆனாலும் என்னைக் கண்டால், "சாப்ட்டியா கேசவா?" என்று கேட்பதில் அவர் குறை வைத்ததில்லை.

1995, ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை விஜியின் புருஷன் முனிகிருஷ்ணனை அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் நாய் கடித்துவிட்டது. வலது மணிக்கட்டில், ஆழமான கடி. ஆட்டோ ஓட்டும் கை. மஞ்சளை அப்பிக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிட்டான். புதன்கிழமை அந்த நாய் வாயில் நுரைதள்ளிச் செத்தது. விஜி அழுதுகொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"மாப்ளே, இப்பவே கெளம்பு. வயித்துல பதினாலு ஊசி. வலிக்கும், ஆனா உசுரு நிக்கும்" என்றேன்.

"எங்கண்ணனுக்கு அந்த ஊசிதான் போட்டாங்க. மூணாம் நாளு பொணமாத்தான் வந்தான். நான் வர்ல மச்சான்."

அவன் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே, தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்த பிறகுதான். அதற்கப்புறம் எந்த ஊசி என்ன செய்யும்? சொன்னேன், கத்தினேன், சட்டையைப் பிடித்து இழுத்தேன். எருமைமாட்டின்மேல் மழை பெய்த மாதிரி நின்றான். அந்த நோய் வந்த ஒருவரைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டியதற்கு அவர் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வந்துவிட்டால் பிழைப்பில்லை.

வியாழக்கிழமை காலை விஜி அவனைச் சந்திரம்மாவிடம் இழுத்துப்போனாள். நானும் பின்னால் போனேன். வேப்பிலையால் நாலு அடி அடித்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ காயத்தைப் பார்த்ததுமே சீறினார்.

"இங்க எதுக்குடா வந்த? ஓடு ஆஸ்பத்திரிக்கு!"

முனிகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். "இது நீ சொல்றம்மா. நாளைக்கி கங்கம்மா வரட்டும். கற்பூரத்தக் கையில வெச்சிகினு அவ சொல்லட்டும். அவ இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

அவர்கள் போனபிறகு நான் மட்டும் நின்றேன். "நாளைக்கு அவன ஊசி போட்டுக்கச் சொல்லிடுங்கம்மா."

"நான் எங்க சொல்றேன் கேசவா? அவ சொல்றா. இன்னா சொன்னான்னு எழுந்தப்பறம் எனக்கே தெரியாது."

"யார்கிட்ட கத உடறீங்க? இத்தினி வருஷமா நடிக்கிறீங்க. ஒரு நாளு நல்லதுக்கு நடிச்சா கொறஞ்சா பூடுவீங்க?"

உருட்டிக்கொண்டிருந்த குச்சி அப்படியே நின்றது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "சரி, நீ போ" என்றார்.

வெள்ளிக்கிழமை, முதல்முறையாக நான் அந்தக் கூட்டத்தில் போய் நின்றேன். பம்பை அடிக்கத் தொடங்கினால் ஐந்து நிமிஷத்தில் சந்திரம்மாவின் உடம்பு குலுங்கிவிடுமாம். அன்று கால்மணி நேரம் ஆயிற்று, அரைமணி ஆயிற்று. பம்பைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. "இன்னிக்கி வரமாட்டா போலக்குது" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"பாத்தியா, அம்மாவுக்கே இஷ்டமில்ல. அடுத்த வாரம் கேப்போம்" என்று முனிகிருஷ்ணன் எழுந்தான்.

விஜியின் நகம் என் கையில் பதிந்தது. கடித்து ஐந்து நாள் போய்விட்டது. இன்னும் ஒரு வாரமா?

அப்போது சந்திரம்மா கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார். அடுத்த நொடி முடி அவிழ்ந்தது, உடம்பு ஆடத் தொடங்கியது. "கங்கம்மா தாயே!" என்று கூட்டம் அலறியது. முனிகிருஷ்ணன் ஓடிப்போய் இருந்ததிலேயே பெரிய கற்பூரக் கட்டியாக எடுத்து ஏற்றி நீட்டினான். அவர் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"டேய் முனிகிருஷ்ணா! பதினாலு நாளு, பதினாலு ஊசி. ஊசி மொனையில நான் ஒக்காந்திருக்கேன், போடா. ஒண்ணு கொறஞ்சாலும் எம் மூஞ்சில முழிக்காத!"

அவன் அசையவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊசி ஏறும்போது மனிதர்கள் பல்லைக் கடிக்கும் முகத்தைத் தினமும் நூறு தடவை பார்ப்பவன் நான். விரிந்த கூந்தலுக்குள் அதே முகம்தான் இருந்தது. அவர் கட்டைவிரல் வெடவெடவென்று துடித்தது. 'கீழ போடுங்கம்மா' என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் என் தங்கை தாலி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். நெருப்பு தானாக அணைகிற வரை அவரும் கையை உதறவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. முனிகிருஷ்ணன் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வரிசையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றான் மாப்பிள்ளை. போட்டேன்.

மத்தியானம் களிம்பும் துணியும் எடுத்துக்கொண்டு சந்திரம்மா வீட்டுக்குப் போனேன். கறுத்த தோல் பிய்ந்து, உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது. களிம்பைத் தடவிக் கட்டுப் போட்டேன்.

"பத்தொம்பது வருஷத்துல ஒரு தபா சுட்டதில்ல கேசவா" என்றார். "நேத்து அவ வர்ல. வராமயே அவ பேருல நான் பேசிட்டேன்."

நான் துணியின் முனையைக் கிழித்து முடிச்சுப் போட்டேன்.

"அவங்கிட்ட சொல்லிடாத. பாதியில நிறுத்திடுவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பதினாலு ஊசியும் முடிந்தது. முனிகிருஷ்ணன் பிழைத்தான். சந்திரம்மாவுக்குக் கை ஆற ஒரு மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்தார். பம்பை அடித்தது. அவர் உடம்பில் ஒரு ரோமம் அசையவில்லை. "வர்ல. வீட்டுக்குப் போங்க" என்று எழுந்துவிடுவார். ஏழு வாரம் இப்படி. நடிக்கத் தெரியாதவரா? ஒரு தடவை நடித்துக் காட்டியவர்தானே. ஆனால் நடிக்கவில்லை. கூட்டம் மெல்லக் கரைந்தது.

டீக்கடையில் முனிகிருஷ்ணனே என் காதுபடச் சொன்னான்: "அந்தம்மா இன்னாவோ தப்பு பண்ணிகிது மச்சான். அதான் கங்கம்மா உட்டுட்டுப் போய்ட்டா." ஓங்கிய கையை எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. அவன் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எட்டாவது வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் போனேன். பம்பை இல்லை, ஆட்கள் இல்லை. சந்திரம்மா ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"என்ன மன்னிச்சிடுங்கம்மா. என்னாலதான் அவ போய்ட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான் அவ இல்லவே இல்லன்னு சொல்வியே கேசவா. இல்லாதவ எப்பிடிப்பா போவா?"

கேலியாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரன், நாலு எழுத்துப் படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.