கேரலுக்கு முதல் வீடு எது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று அந்நியரை உபசரிப்பது பற்றிப் போதகர் அருமையாகப் பேசினார். எல்லோரும் சத்தமாக ஆமென் சொன்னோம். ஆமென் சொல்ல என்ன செலவு?

வெளியே வந்தால் சுய் நின்றுகொண்டிருந்தாள். பர்மாவின் மேற்கே சின் மலையில் நடந்த சண்டையில் வீடு போய், கணவனோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் யாங்கூனுக்கு வந்தவள். தின்கன்ஜூன் பகுதியில், எங்கள் தெருவில்தான் ஒரு மூன்றாம் மாடி அறையில் குடியிருக்கிறாள். தமிழ் தெரியாது; ஆனாலும் வாரம் தவறாமல் எங்கள் சர்ச்சுக்கு வருவாள்.

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பர்மியில் நிதானமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நேராக வீட்டுக்காரரிடம் போனேன். டோ செல்லம்மா... பர்மிய மரியாதையில் பெண்களுக்கு 'டோ', ஆண்களுக்கு 'ஊ'; ஆனால் இவர் தெருவுக்கே அக்கா.

"நல்ல பொண்ணுதான். வாடகையும் ஒழுங்கா வருது. ஆனா யாரு, என்னன்னு தெருவுல எல்லாரும் கேக்குறாங்க. யாரு தங்கியிருக்காங்கன்னு வார்டு ஆபீஸ்ல கணக்கு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? பயமா இருக்கு" என்றார்.

ராணுவ ஆட்சியில் இந்த ஊரில் இப்போது யாருக்குத்தான் பயமில்லை? அக்காவிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோருக்கு அன்றைய ரங்கூனில் யாரைத் தெரிந்திருக்கும்?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் — வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடக் கிளம்பினால் முதல் வீடு செயலாளர் வீடு. அங்கே பிரியாணி உண்டு. முதல் வீடு என்றால் தனி மரியாதை. தெருவே வேடிக்கை பார்க்கும். சுய்யிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, செயலாளர் ஊ தாவீதைப் பிடித்தேன். இந்த வருஷம் முதல் வீடு சுய் வீடுதான் என்றேன்.

"பிரியாணிக்குச் சொல்லியாச்சே தங்கச்சி. அவங்க வீட்டுக்குக் கடைசியில போவோம்."

"கடைசியில போனா இருட்டிடும் அண்ணே. யாரு பாப்பாங்க?"

"பாக்கணுமா என்ன?"

"பாக்கணும். அதுக்குத்தான் போறோம்."

"மூணு மாடி. என் முழங்கால் ஒத்துக்காது."

"அப்ப நீங்க வாசல்ல நின்னு டிரம் அடிங்க."

மனிதர் முறைத்தார். நானும் விடவில்லை. கடைசியில், "சரி, பிரியாணி ஆறினா உன்னைத்தான் கேப்பேன்" என்று இறங்கி வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனோம். அறையில் பாதிப்பேருக்குக்கூட இடமில்லை. மீதிப்பேர் படிக்கட்டு முழுக்க நின்று பாடினோம். நாங்கள் தமிழில் பாட, சுய்யின் கணவன் அதே மெட்டில் தன் மொழியில் பாடினான். வாசலில் ஊ தாவீது டிரம்மை வெளுத்து வாங்கினார். எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சுய் எல்லோருக்கும் சோளக் கஞ்சி கொடுத்தாள். இரண்டாவது கிண்ணம் கேட்டது யார் என்கிறீர்கள்? ஊ தாவீதேதான்.

நான் கீழே இறங்கியபோது, பக்கத்து டீக்கடைக்காரர் செல்லம்மா அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மாடியில் இருப்பவர்கள் யார்? எவ்வளவு நாள் இருப்பார்கள்?

அக்கா அசரவில்லை.

"அவங்க எங்க சர்ச்சுக்காரங்க. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் இங்கதான் இருப்பாங்க."

சொன்னவர் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது.