மாமி என்னைத் தாயே என்று கூப்பிட்ட நாட்கள்

காரைதீவில் கல்யாணம் முடித்து, மனைவியின் வீட்டிலேயே குடியிருக்க வந்து ஒன்பது வருடங்கள் ஆகியும் மாமி என்னோடு நேரே கதைத்ததில்லை. மருமகனோடு கதைப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர். "அப்பாட்ட சொல்லு புள்ள, சோறு போட்டிரிக்கு" என்று என் மகளிடம்தான் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

போன பங்குனியில் எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது. நான் கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இரண்டு கிழமைக்கு முன் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்தது; எப்படித் தொற்றியது என்று எனக்குத் தெரியும். வைத்தியசாலையில் மாத்திரை தந்தார்கள். மனைவிக்கும் மகளுக்கும் முன்பு வந்ததில்லை என்பதால் இருவரும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மாமிக்குச் சிறு வயதிலேயே வந்து போயிருந்தது. மாமா காலமாகிவிட்டதால் வீட்டில் அவரும் நானும்தான்.

மாமி வாசலில் வேப்பங்குழை செருகினார். என் பாயில் வெள்ளைத் துணி விரித்து வேப்பிலை பரப்பினார். பிறகு கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்தபடி, "எரியுதா தாயே?" என்றார்.

யாரிடம் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"மாமி, இது வைரஸ்."

"ஓம், அத டொக்டர் பாக்கட்டும்," என்றார் சுவரைப் பார்த்து. "வந்திரிக்கிறது அம்மாள். வந்தவவய மனம் நோகாம வெச்சிரிந்து அனுப்பணும்."

எங்கள் பக்கத்தில் இது வெறும் நோயல்ல. அம்மன் ஓர் உடம்பில் வந்து தங்குவது. அந்தச் சூடு அவளுடையது. மதுரையை எரித்த கோபத்தோடு இந்தக் கிழக்கிலங்கைக் கரைக்கு வந்த கண்ணகியைக் குளிரவைத்து வழிபட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அம்மாள் வந்த வீட்டில் தாளிப்பதில்லை, பொரிப்பதில்லை, மீன் சமைப்பதில்லை. இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் நானே அம்மனாகக் கிடப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

அதன் பிறகு மாமி ஓயாமல் கதைத்தார். "இளநி ஒரு மிடறு குடிங்க தாயே." "சொறியாதீங்க தாயே, தழும்பு விழும்."

நாலாம் நாள் காய்ச்சல் கூடியது. அவர் நீட்டிய கஞ்சியை நான் எரிச்சலில் தள்ளிவிட, கோப்பை கவிழ்ந்தது. மாமி கோபிக்கவில்லை. நிலத்தைத் துடைத்துவிட்டுப் பாய் ஓரத்தில் இருந்து, வேப்பங்கொத்தால் என் முதுகைத் தடவினார்.

"என்ர புள்ளயயும் பேத்தியயும் யோசிச்சு இவர விட்டுட்டுப் போங்க தாயே. நல்ல மனுசன். ஒரு நாளும் என்னய எடுத்தெறிஞ்சு கதைச்சதில்ல."

நான் கண்ணைத் திறக்கவில்லை. என்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கொப்புளங்கள் காய்ந்ததும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் குளித்தேன். மனைவியும் மகளும் திரும்பி வந்தார்கள். நான் கோயிலில் பிரதட்டை செய்வதாக மாமி நேர்த்தி வைத்திருக்கிறார் என்று மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். மறுக்கத் தோன்றவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடந்தபோது, ஈர வேட்டியோடு கோயில் வீதி மணலில் உருண்டேன். ஒரு சுற்று முடித்து எழுந்தால் கோயில் முழுவதும் சுழன்றது. யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"தல சுத்துதா மகன்?"

மாமிதான். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கொஞ்சம், மாமி," என்றேன்.

"அப்ப கொஞ்சம் இரிங்க," என்று சொல்லி, என் முதுகு மணலைத் தன் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டார்.