அப்பா குண்டடிபட்ட படம்

என் தம்பி எடுத்த ஒரே படத்தில் அப்பா நடித்திருந்தார். குதிரையில் தனியாக வரும் துப்பாக்கிக்காரன் ஒருவன், தண்ணீருக்காக அடித்துக்கொள்ளும் ஊருக்குள் நுழைகிற கதை. செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், வனத்துறை எல்லைக்கு இந்தப் பக்கம் கிடந்த தரிசில் எடுத்தார்கள். ஊர்ப் பெரியவராக நடிக்க வேண்டியவர் மதுரையிலிருந்து வந்து சேரவில்லை. சாப்பாடு கொண்டுபோன அப்பாவைத் தம்பி பிடித்து நிறுத்தினான்.

"வசனம் ஒண்ணும் இல்லப்பா. குண்டு பட்டதும் விழணும், அம்புட்டுதான்."

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகனுக்கு இந்தச் சினிமா வேண்டாம் என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர். அன்று மறுக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்.

படம் வெளிவருவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ராஜபாளையத்துத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது. மடவார் வளாகத்து வீட்டிலிருந்து அம்மாவை நான் அழைத்துப் போனேன். தேவதானத்துச் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தொப்பியும் நீளக் கோட்டுமாகக் கதாநாயகன் குதிரையில் வந்ததுமே பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"ஏலே, நம்மூரு வெயிலுக்குக் கோட்டப் பாரு" என்று ஒருவன் சத்தம் போட்டான். கதாநாயகன் பேசாமல் முறைத்த இடங்களில் எல்லாம் யாராவது அவனுக்காக வசனம் பேசினார்கள். தம்பி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவனைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் திரையில் அப்பா வந்துவிட்டார். குண்டு பட்டதும், விழுகிற இடத்தில் முள் கிடக்கிறதா என்று பார்த்து, கையூன்றி, மெதுவாக விழுந்தார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எங்கள் சொந்தக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அவிய பொறவு வருவாவளா?"

"இல்லம்மா."

"செத்த நேரம் இருந்து பாப்போம்."

இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அம்மா கடைசிவரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் போக வேண்டும் என்றாள். போனோம். வாசலில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. "அது ஓடலம்மா, தூக்கிட்டாவ" என்றார் காவலாளி.

தம்பி இப்போது நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கிறான். வீட்டில் யாரும் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருநாள் அவனுக்குச் சோறு போடும்போது அம்மா மட்டும் கேட்டாள்.

"அப்பா விழுந்த எடத்த மட்டும் போன்ல போட்டுத் தாயேன்ப்பா."

"படம் சென்னைல கெடக்கும்மா. ஒருநா போயி வாங்கிட்டு வாரேன்."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனான். குழாயை நெடுநேரம் திறந்தே விட்டிருந்தான். அம்மா அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.